இரண்டு வருடமாக விலைபோகாத கும்பகோணத்து ஓட்டு வீடு: குறைப்பதா, காத்திருப்பதா, இடிப்பதா?

கும்பகோணத்துப் பழைய தெருவில் அப்பா பெயரில் ஓட்டு வீடு. முகப்பு 20 அடி, நீளம் 150 அடி. அப்பா காலமாகி ஆறு வருடம் ஆகிறது. அம்மா, நீங்கள், அக்கா, சிங்கப்பூரில் இருக்கும் தம்பி ஆகிய நால்வர் இருக்கிறீர்கள். 70 லட்சம் சொல்லி இரண்டு வருடமாகிறது. பதினான்கு பேர் பார்த்தார்கள், ஒருவர் மட்டும் 40 லட்சத்துக்குக் கேட்டார். விற்ற பணத்தில் தஞ்சாவூரில் வீடு வாங்க நினைக்கிறீர்கள். விலையைக் குறைக்கலாமா, 2028 மகாமகம் வரை பொறுக்கலாமா, இடித்து மனையாக விற்கலாமா என்று கேட்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: வந்த பதினான்கு பேர் ஏன் திரும்பி வரவில்லை? அது தெரியாமல் விலையைக் குறைத்தால், குறைத்த விலைக்கும் ஆள் வராது.

டெல்டாவின் பழைய தெருக்களில் வீட்டுக்கு நடப்பு விலை என்று ஒன்று உருவாவதே அரிது. ஒரு தெருவில் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ கைமாறினாலே பெரிது. பிள்ளைகள் சென்னை, திருப்பூர், பெங்களூரு, வளைகுடா, சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். ஊரில் இருப்பவர்கள் புறவழிச்சாலைப் பக்கம் கார் நிறுத்த இடமுள்ள மனையைத் தேடுகிறார்கள். உங்கள் வீட்டை வாங்கக்கூடியவர்கள் நான்கு வகைதான். ஒட்டி இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுக்குப் பிறகு சொந்த ஊர் திரும்ப நினைக்கும் அந்தத் தெருக்காரர், கடை, கிடங்கு, மருத்துவமனை என்று தொழிலுக்கு இடம் தேடுபவர், வாங்கிப் பிரித்து விற்கும் இடைவியாபாரி. இவர்களில் கூடுதல் விலை கொடுக்க உண்மையான காரணம் உள்ளவர் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரே. 20 அடி முகப்பு தனியாக இருந்தால் குறுகல், அவருடைய 20 அடியோடு சேர்ந்தால் 40 அடி மனை. அவரிடம் தரகர் வழியாக இல்லாமல் நீங்களே நேரில் போய்க் கேட்டீர்களா? பழைய பொதுச்சுவர்த் தகராறு ஏதாவது இருந்தாலும் கேளுங்கள்.

அடுத்தது வங்கிக் கடன் கணக்கு. விற்பவர்கள் இதைப் போட்டுப் பார்ப்பதே இல்லை. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு, மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. மதிப்பு என்பது நீங்கள் சொல்லும் விலை அன்று. வங்கியின் மதிப்பீட்டாளர் எழுதும் தொகை, பத்திரத் தொகை இரண்டில் எது குறைவோ அது. அறுபது எழுபது வருட ஓட்டு வீட்டுக்கு அவர் கட்டிடத்துக்கென்று அநேகமாக எதுவும் எழுத மாட்டார், மனைக்குத்தான் எழுதுவார். அவர் 40 லட்சம் எழுதினால் கடன் 32 லட்சம். நீங்கள் சொல்லும் 70 லட்சத்துக்கு வாங்குபவர் மீதி 38 லட்சத்தைக் கையிலிருந்து போட வேண்டும். அதற்கு மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 6.3 லட்சம், இதற்கு வங்கி கடன் தராது. ஆக 44.3 லட்சம் ரொக்க இருப்பு உள்ளவர்தான் உங்கள் வீட்டை வாங்க முடியும். அதே வீடு 40 லட்சம் என்றால் 8 லட்சமும் பதிவுக்கு 3.6 லட்சமுமாக 11.6 லட்சம் போதும். அவ்வளவு சேமிப்புள்ள அரசு ஊழியர், ஆசிரியர், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர் கும்பகோணத்தில் நிச்சயம் இருக்கிறார்கள். அந்த இடத்துக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு பேசிய விலையைவிடக் கூடுதலாக இருந்தால் தீர்வை அதற்குத்தான் கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இது எல்லாமே வங்கி கடன் தரச் சம்மதிக்கும் பத்திரம் உங்களிடம் இருந்தால்தான். என் கணிப்பில் உங்கள் பதினான்கு பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களை நிறுத்தியது விலையன்று, காகிதம். டெல்டாவில் முதலில் பார்க்க வேண்டியது அடிமனை, அதாவது வீடு நிற்கும் நிலம். கோயில்களும் மடங்களும் நிறைந்த ஊர்களில், மேல்கட்டிடம் குடும்பத்துடையது, அடிமனை தேவஸ்தானத்துடையது என்று இருக்கும் வீடுகள் ஏராளம். பழைய பத்திரத்தில் ‘அடிமனை நீங்கலாக’, ‘மேல்கட்டிடப் பாத்தியம் மட்டும்’ என்ற சொற்கள் இருக்கிறதா பாருங்கள். தாத்தா காலத்து அடிமனை வாடகை ரசீது பரணில் கிடக்கிறதா தேடுங்கள். நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை எடுத்து, உரிமையாளர் கலத்தில் யார் பெயர் இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள். கோயில் பெயர் இருந்தால் அறநிலையத் துறை ஆணையரின் அனுமதியில்லாமல் அந்த நிலத்தை விற்க முடியாது. 1959ஆம் வருட அறநிலையச் சட்டத்தின் 34ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது, பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்படி சார்பதிவாளரும் பதிய மறுப்பார். அப்படியானால் உங்கள் கையில் இருப்பது 70 லட்ச வீடும் இல்லை, 40 லட்ச வீடும் இல்லை. விற்பனைப் பேச்சை நிறுத்திவிட்டு வழக்கறிஞரிடம் போக வேண்டும். இன்னொரு வகைச் சிக்கலும் உண்டு. ஒரு சர்வே எண்ணில் ஒரு துண்டு மட்டும் கோயிலுடையதாக இருக்கும், தடையோ முழு எண்ணுக்கும் விழுந்திருக்கும். அது தீரக்கூடியது. உட்பிரிவுக்கான ஆவணங்களோடு துறையிடம் ஆட்சேபனையில்லாச் சான்று கேட்க வேண்டும். மாதங்கள் ஆகும் என்பதால் வாங்குபவர் வந்த பிறகு தொடங்கினால் அவர் நிற்க மாட்டார்.

அடுத்தது வாரிசு. நால்வர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா இறந்த நாளில் அப்பாவின் அம்மா உயிரோடு இருந்தாரா? இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த ஆணின் சொத்தில் மனைவி, மகன், மகளோடு அவருடைய தாய்க்கும் சம பங்கு உண்டு. அப்பாவுக்குப் பிறகு பாட்டி இறந்திருந்தால், அந்த ஐந்தில் ஒரு பங்கு பாட்டியின் மற்ற பிள்ளைகளுக்கும், அதாவது உங்கள் சித்தப்பா, பெரியப்பா, அத்தைமார்களுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். வாரிசுச் சான்றில் பாட்டி பெயர் இருந்தும் யாரும் கவனிக்காமல் விட்ட வீடுகள், கடைசி நேரத்தில் வங்கி வழக்கறிஞரின் கருத்துரையில் சிக்கி நின்றுபோகும். அத்தைகளிடம் விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) வாங்குவது இன்று சுலபம். வீடு நல்ல விலைக்குப் போகிறது என்று ஊர் பேசத் தொடங்கிய பிறகு அவ்வளவு சுலபமாக இருக்காது. இது தாத்தா காலத்துப் பூர்வீகச் சொத்து என்றால் கணக்கு வேறு. தமிழ்நாட்டின் 1989 திருத்தம், மத்திய அரசின் 2005 திருத்தம், 2020இல் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் சொன்ன தீர்ப்பு எல்லாவற்றையும் வைத்து, அப்பாவின் சகோதரிகளுக்குப் பங்கு உண்டா என்று பார்க்க வேண்டும். அதைப் பத்திரங்களைப் படிக்காமல் யாரும் சொல்லிவிட முடியாது, நானும் சொல்ல மாட்டேன்.

வேலை வரிசை இப்படி: இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அதை வைத்து நில ஆவணத்தில் எல்லா வாரிசுகள் பெயருக்கும் மாற்றம், சொத்து வரி, மின் இணைப்பில் பெயர் மாற்றம், 1975 முதல் இன்று வரை வில்லங்கச் சான்று. மூலப் பத்திரம் அசலாகக் கையில் இருக்க வேண்டும். எங்காவது அடமானத்தில் வைத்துத் திருப்பியிருந்தால் அந்த ரசீதுப் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும்; கடன் எப்போதோ தீர்ந்தும், தீர்ந்ததைப் பதியாததால் முப்பது வருடமாக வில்லங்கத்தில் நிற்கும் அடமானங்கள் உண்டு. பழைய பத்திரத்தில் ‘கிழமேல் ஜாதியடி 20, தென்வடல் ஜாதியடி 150’ என்று எழுதியிருப்பார்கள். இன்று நாடா பிடித்தால் 19 அடி 4 அங்குலமும் 146 அடியும் வரலாம். வங்கிப் பொறியாளர் அளப்பதற்கு முன் நீங்களே ஒரு உரிமம் பெற்ற அளவையரை வைத்து அளந்து, பதிவேட்டு வரைபடத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள். கொல்லைப்புறச் சந்து யாருடையது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

தம்பி நேரில் வர முடியாவிட்டால் பொது அதிகாரப் பத்திரம் வேண்டும். அதைச் சிங்கப்பூரில் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பி, இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். அவர் வருமான வரிச் சட்டப்படி வெளிநாட்டுவாசி என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். உள்நாட்டுவாசிகள் விற்கும்போது மொத்த விலை 50 லட்சத்தைத் தொட்டால்தான் வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ் (விலையிலிருந்தே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிப்பார். தம்பியின் பங்குக்கு அந்த வரம்பு கிடையாது. எவ்வளவு சிறிய தொகையானாலும் வாங்குபவர் அதைவிட உயர்ந்த விகிதத்தில் வரி பிடித்துக் கட்ட வேண்டும். உள்ளூர் வாங்குபவர் பலருக்கு இது தெரியாது. தெரிந்தால் பயந்து விலகுவார். குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழைத் தம்பி வருமான வரித் துறையில் முன்கூட்டியே வாங்குவது ஒரு வழி. பதிவுக்கு முன்பே அவர் பங்கை அம்மாவுக்கோ உங்களுக்கோ குடும்ப விடுதலைப் பத்திரமாக எழுதித் தருவது இன்னொரு வழி. 2023 ஜூலை முதல் குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000. இரண்டாவது வழியில் கையெழுத்து போட்டதும் அவர் உரிமை போய்விடும் என்பதால், குடும்பத்துக்குள் நம்பிக்கையும் வெளிப்படையான பேச்சும் இருந்தால் மட்டுமே செய்யுங்கள்.

இப்போது விலை. தெருவில் யார் என்ன சொன்னார் என்பதை விட்டுவிட்டு, உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள பத்துப் பதினைந்து நகர அளவை எண்களுக்குக் கடந்த மூன்று வருட வில்லங்கச் சான்றை இணையத்தில் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கிரயத்துக்கும் கைமாற்றுத் தொகையும் சந்தை மதிப்பும் அதில் இருக்கும். சிலர் தொகையைக் குறைத்துப் பதிந்திருப்பார்கள் என்பதால் அதைத் தரைவிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்கள் இன்னும் குழிக் கணக்கில்தான் பேசுவார்கள். தஞ்சை வழக்கில் ஒரு குழி 144 சதுர அடி, ஏறத்தாழ மூன்று குழி ஒரு சென்ட். உங்கள் 3,000 சதுர அடி, குழிக் கணக்கில் இருபத்தொன்றுக்குச் சற்றுக் குறைவு. மனைப் பிரிவில் ஒரு குழி போகும் விலையை இருபத்தொன்றால் பெருக்குவதுதான் உங்களைப் போன்ற எல்லாரும் செய்யும் தவறு. நீண்ட குறுகலான மனையில் தெருவை ஒட்டிய முன்பாதிக்குத்தான் முழு விலை. கொல்லைப் பாதிக்குப் பின்தெருவில் வழி இல்லாவிட்டால் பாதி விலைக்கு மேல் கிடைக்காது. ஒரு பேச்சுக்குச் சதுர அடி 1,500 என்றால், முன்பாதி 1,500 சதுர அடிக்கு 22.5 லட்சம், பின்பாதிக்கு அதில் பாதி 11.25 லட்சம், ஆக 33.75 லட்சம், முழுவதையும் பெருக்கியிருந்தால் 45 லட்சம் வந்திருக்கும். பின்தெருவில் வாசல் இருந்தால் உங்கள் நிலைமை முற்றிலும் மாறிவிடும். இரண்டு பேருக்குப் பிரித்து விற்கவும் முடியும். அந்த விவரத்தை நீங்கள் எழுதவில்லை.

மகாமகத்துக்குக் காத்திருப்பது பற்றி. 2016க்குப் பிறகு அடுத்தது 2028 என்பது உறுதி; அதையொட்டிச் சாலை, குளம், வடிகால் வேலைகள் நடக்கும் என்பதும் எதிர்பார்க்கக்கூடியதே. பழைய தெருவில் வீட்டு விலை ஏறும் என்பது தரகர் வாக்கு. விடுதி, கடை வைக்கத் தோதான, குளத்தையோ பெரிய கோயிலையோ ஒட்டிய இடங்களுக்கு அது ஓரளவு பொருந்தலாம், மற்றவற்றுக்கு நம்ப முகாந்திரம் இல்லை. காத்திருப்பதன் செலவை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். 40 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் இரண்டு வருடத்தில் 45.8 லட்சம், வட்டிக்கான வரி தனி. பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீட்டுக்கு ஓடு மாற்ற, கரையான் மருந்து அடிக்க, கொல்லை வெட்ட, வரி கட்ட என்று வருடத்துக்கு ஐம்பதாயிரமாவது ஆகும். எனவே 2028இல் 46 லட்சம் கிடைத்தால் நீங்கள் சம்பாதித்தது ஒன்றும் இல்லை. அதற்குள் ஒரு ஐப்பசி மழையில் கூடத்து உத்திரம் இறங்கிவிட்டால் இழப்புதான்.

இடிக்காதீர்கள். ஆபத்தான நிலையில் சுவர் நிற்கிறது என்று பொறியாளர் சொன்னால் தவிர, வாங்குபவர் முடிவாகும் வரை கை வைக்க வேண்டாம். ஓய்வுக்குத் திரும்பி வருபவர் தேடுவதே திண்ணையும் முற்றமும் கூடமும் உள்ள வீட்டைத்தான். இடித்த அன்றே, வாங்கக்கூடிய நான்கு வகை ஆட்களில் ஒரு வகையை இழந்துவிடுகிறீர்கள். பொதுச்சுவர் உள்ள வீட்டை இடித்தால் பக்கத்துச் சுவரில் விரிசல் விழும், உங்களுக்கு அதிக விலை தரக்கூடிய அதே மனிதரோடு வழக்கு வரும். தேக்குத் தூண், நிலை, கதவு, உத்திரம் எல்லாவற்றையும் இடிக்கும் ஒப்பந்தக்காரர் ‘கூலிக்குச் சரியாப் போச்சு’ என்று அள்ளிப் போவார். இடித்தே ஆக வேண்டுமென்றால் மரச்சாமானைத் தனியே அளந்து, கன அடிக் கணக்கில் தனி விலை பேசிய பிறகு இடிக்கச் சொல்லுங்கள்.

வீட்டைக் காட்டுவதில் இரண்டு விஷயங்கள் மட்டும் முக்கியம். ஒழுகும் இடத்து ஓடுகளை மாற்றி, முற்றத்துத் தண்ணீர் தெருவுக்குப் போகும் தூம்பை அடைப்பெடுத்துவிடுங்கள். சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தால் மேலே பெயிண்ட் அடித்து மறைக்க வேண்டாம். மூன்று மாதத்தில் உரிந்து, வந்தவர் உங்களைப் பொய்யர் என்று நினைப்பார். பத்துத் தரகரிடம் பத்து விலை சொல்லியிருந்தால் அதையும் நிறுத்துங்கள். ஒரே வீட்டுக்கு மூன்று விலை காதில் விழுந்தவர், குறைந்த விலையும் இன்னும் இறங்கும் என்று காத்திருப்பார். ஒருவர் அல்லது இருவரிடம் எழுத்தில் ஒரே விலையும் கமிஷனும் பேசுங்கள். காலமும் பார்க்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பேசி முடிக்க மாட்டார்கள். சம்பா அறுவடைப் பணம் கைக்கு வரும் தை, மாசியிலும், வெளியூர், வெளிநாட்டுச் சொந்தங்கள் ஊருக்கு வரும் சித்திரை, வைகாசியிலும் வீடு திறந்து சுத்தமாக, சாவி பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

ஆள் அமைந்தால் கிரய ஒப்பந்தத்தை வெள்ளைத்தாளில் எழுதாதீர்கள். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் அதைப் பதிந்தாக வேண்டும். முன்பணம் பத்து சதவீதம், கெடு மூன்று மாதம், கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஒப்பந்தம் முறிந்தால் ரத்துப் பத்திரத்தையும் பதியுங்கள். முறிந்த ஒப்பந்தம் வில்லங்கத்தில் நின்றால் அடுத்த ஆளின் வங்கி கடனே தராது, முதல் ஆள் கெடு முடிந்து மூன்று வருடம் வரை வழக்கும் போடலாம். தொகையில் பாதியை ரொக்கமாகக் கேட்கும் பழக்கத்தையும் விடுங்கள். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் உண்டு. பத்திரத் தொகை குறைந்தால் கடனும் குறையும், ஏற்கெனவே சிறிதான கூட்டம் இன்னும் சிறிதாகும்.

வரியைப் பொறுத்தவரை, அப்பாவுக்கு 2001க்கு முன் வந்த வீடு என்றால் 1.4.2001 அன்றைய மதிப்பை, அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல், வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். அது 6 லட்சம் என்று வையுங்கள், விற்பனை 40 லட்சம். பணவீக்கச் சலுகை இல்லாத 12.5 சதவீதக் கணக்கில் வரி 4.25 லட்சம். 2025-26க்கான பணவீக்கக் குறியீடு 376ஐ வைத்துப் போட்டால் அடக்க விலை 22.56 லட்சமாகி, 20 சதவீதத்தில் வரி 3.49 லட்சம் (செஸ் தனி). 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய சொத்துக்கு, உள்நாட்டில் வசிப்பவர்கள் இரண்டில் குறைந்ததைக் கட்டலாம். தம்பிக்கு அந்தத் தெரிவு இல்லை. அவரவர் பங்குக்கு அவரவர் கணக்கு.

தஞ்சாவூரில் வீடு வாங்கினால் உங்கள் பங்கு ஆதாயத்துக்கு விலக்கு கேட்கலாம். விற்பதற்கு ஒரு வருடம் முன்பிருந்து விற்ற இரண்டு வருடத்துக்குள் வாங்கினாலோ, மூன்று வருடத்துக்குள் கட்டினாலோ அது பொருந்தும். ஆகவே அவசரப்பட்டு இப்போதே அங்கே முன்பணம் கொடுக்க வேண்டியதில்லை. கும்பகோணத்துப் பணம் வராமல் தஞ்சாவூர்க் கெடு முடிந்தால், முன்பணத்தைக் காப்பாற்றவே வீட்டை வந்த விலைக்குத் தள்ள வேண்டியிருக்கும். வாங்கப்போகும் வீட்டை, முடிந்தால் கார்த்திகை மழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள். வயலை மேடாக்கிப் போட்ட மனைப்பிரிவுகளில் பழைய வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடியது என்று தண்ணீரே காட்டிவிடும். களிமண்ணில் ஆழம் போதாத அடித்தளத்துக்கு விழும் விரிசல் சன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போகும். பூச்சு விரிசல் போல மயிரிழையாக இருக்காது.

40 லட்சத்துக்குக் கேட்டவரின் எண் உங்களிடம் இருக்கும். இன்றைக்கே அவருக்கு விலை சொல்ல வேண்டாம். இன்னும் வேண்டும் என்று நினைக்கிறாரா என்று மட்டும் கேட்டு வையுங்கள். அடிமனைப் பதிவேட்டு நகலும் பாட்டியின் இறப்புத் தேதியும் கையில் வந்ததும் அதே மனிதரிடம், பத்திரங்களின் நகல் கட்டோடு, 46 லட்சத்தில் பேச்சைத் தொடங்குங்கள்.